முதலில் வானம், பிறகு பிள்ளை: அந்தி மைதானத்தில் பிளாஷ்

மகள் 12 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியில் ஆடுகிறாள், பயிற்சியே மாலை 5 மணிக்குமேல்தான் சூடுபிடிக்கிறது, வானத்தின் நிறம் நன்றாக வந்தால் பிள்ளைகளின் முகம் கரியாகிறது, முகம் தெரியும்படி எடுத்தால் வானம் வெளுத்துப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள். கல்யாண வீடுகளில் படமெடுக்க வாங்கிய ஒரு பிளாஷும், கம்பியில்லாமல் அதை இயக்கும் ஒரு ரேடியோ டிரிகரும் கையில் இருக்கின்றன, அவற்றைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து மைதானத்தில் பயன்படுத்தலாமா என்பது உங்கள் கேள்வி.

பயன்படுத்தலாம். ஒரே ஒரு பிளாஷ் போதும். ஆனால் பயிற்சியின்போது மட்டும். போட்டி நடக்கும்போது பிளாஷை எடுக்கவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆரம்ப காலத்தில் ஒரு சிறுவர் போட்டியில், கோல் கம்பத்துக்கு எதிரே ஓர் ஓரமாகப் பிளாஷை நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். உதைக்கப்பட்ட பந்து பாதி வழியில் வந்தபோது நான் பொத்தானை அழுத்தினேன். கோல்கீப்பருக்குப் பதினோரு வயதிருக்கும். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டான், பந்து தோளில் பட்டு உள்ளே போய்விட்டது. அவன் அழவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆட்டம் முடிந்ததும் அவனிடமும் அவன் பயிற்சியாளரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று எடுத்த படங்களில் ஒன்றையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. போட்டி என்றால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றுங்கள், படத்தில் மணல்மணலாகப் புள்ளி தெரிந்தாலும் பரவாயில்லை. பிளாஷுக்குரிய இடம் பயிற்சி. அங்கே பயிற்சியாளரிடம் சொல்லி ஒரே ஓட்டத்தைப் பத்து முறை ஓடச் சொல்லலாம். பிள்ளைகளுக்கும் வெளிச்சம் எங்கிருந்து வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அடுத்தது நேரம். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. அங்கே சூரியன் சாய்வாக இறங்குவதால் பொன்னிற வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். நம் மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. இங்கே சூரியன் செங்குத்தாக, விழுவது போல இறங்குகிறது. அடிவானத்தில் மறைந்த பிறகு 6 டிகிரி கீழே போவதற்கு அதற்கு 21 முதல் 23 நிமிடம்தான் ஆகும். தெளிந்த வானமாக இருந்தால் மறையும் நொடியில் தரையில் ஏறக்குறைய 400 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். அந்த 22 நிமிடம் முடியும்போது 3 அல்லது 4 லக்ஸ்தான் மிஞ்சும். சராசரியாக 3 நிமிடத்துக்கு ஒரு முறை வெளிச்சம் பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பிளாஷைப் பொருத்துவது, சோதிப்பது, பிள்ளைகளை நிற்க வைப்பது எல்லாம் சூரியன் மறைவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வானம் சிவந்த பிறகு பையைத் திறந்தால், டிரிகரின் சேனலைச் சரிசெய்வதற்குள் பொழுது அடைந்துவிடும்.

மதுரையில் நவம்பர் நடுவில் 6 மணிக்குச் சில நிமிடம் முன்பே சூரியன் மறைகிறது. ஜூலை தொடக்கத்தில் 6.40ஐத் தாண்டிவிடும். நகருக்கு மேற்கே நாகமலைப் பக்கத்து மைதானங்களில் இந்தக் கணக்கும் செல்லாது. மலைமுகடு சூரியனை முன்னதாகவே மறைத்துவிடும். ஆனால் வானம் அதன்பிறகும் வெளிச்சமாகவே இருக்கும், அதுதான் அந்த மைதானங்களுக்குக் கிடைத்த கொடை. கையை நீட்டி, முகட்டுக்கும் சூரியனுக்கும் இடையே எத்தனை விரல் அகலம் இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் ஒரு விரலுக்கு 8 நிமிடம் என்று கணக்கு வைத்தால் பெரிதாகத் தவறாது. கண் கூசும்போது நேராகச் சூரியனைப் பார்க்காமல் விரலால் மறைத்துக்கொண்டே அளவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இருட்டில் முகம் தெரியவில்லை, அதனால் பிளாஷ் அடிக்கிறோம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்தி நேரத்தில் வேலை அப்படியில்லை. முகம் மட்டும் தெரிந்தால் போதும் என்றால் பிளாஷே தேவையில்லை, முகத்துக்கு ஏற்ப அளவை வைத்தால் முகம் வந்துவிடும். அதற்கு விலையாக வானம் போய்விடும். ஆக, பிளாஷை நாம் கொண்டுபோவது வானத்தைக் காப்பாற்றுவதற்காக. இந்த எண்ணம் மனத்தில் நின்றுவிட்டால் எந்தத் திருகை எப்போது திருப்புவது என்ற குழப்பம் தீரும். முதலில் வானத்துக்கு அளவு வையுங்கள். அதன்பிறகு அதைத் தொடாமல், பிளாஷின் சக்தியை மட்டும் கூட்டிக் குறைத்துப் பிள்ளையைக் கொண்டுவாருங்கள்.

கேமராவை மேனுவலில், அதாவது எல்லா அளவையும் நாமே வைக்கும் முறையில், வையுங்கள். ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/250 விநாடி, உங்கள் கேமரா 1/200 வரைதான் பிளாஷோடு ஒத்துப்போகும் என்றால் 1/200. அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 400. பிளாஷை அணைத்துவிட்டு, சூரியன் மறைந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள வானத்தை ஒரு படம் எடுங்கள். தெளிந்த நாளில், சூரியன் மறைந்த சில நிமிடங்களில், இந்த அளவுகளுக்கு வானம் ஏறக்குறைய சரியாக வரும். கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு ஸ்டாப் இருண்டு, அதாவது வெளிச்சம் பாதியாக இருக்கும்படி வைத்தால் நிறம் இன்னும் அடர்த்தியாகும். அந்தப் படத்தில் பிள்ளைகள் வெறும் நிழலுருவாகத்தான் தெரிவார்கள். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது அதுதான்.

ஏன் என்றால், ஓடும் பிள்ளையை அசையாமல் நிறுத்துவது இங்கே ஷட்டர் அல்ல. 1/250 விநாடியில், விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடும் சிறுமி இரண்டரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறாள். உதைக்கும் கால் அதைவிட வேகமாக நகரும். ஆனால் சிறு பிளாஷ்கள் 1/8 சக்தியில் வெளியிடும் மின்னல் பெரும்பாலும் 1/2000 விநாடிக்கும் குறைந்த நேரமே நீடிக்கிறது. பிள்ளையின் மீது விழும் வெளிச்சம் ஏறக்குறைய முழுவதும் பிளாஷிலிருந்தே வந்தால், அந்த மின்னல்தான் உண்மையான ஷட்டர். மேற்கே பார்த்து எடுக்கும்போது பிள்ளையின் முன்பக்கம் தன் நிழலிலேயே இருக்கிறது, வானத்தைவிட வெகுவாக இருண்டிருக்கிறது. அதனால் சுற்றுவெளிச்சம் முகத்தைத் தீற்றிவிடாது. இதையே கிழக்கே பார்த்து எடுத்தால், மேற்கு வானத்தின் வெளிச்சமும் பிளாஷும் ஒரே முகத்தில் விழுந்து, கூர்மையான முகத்தின் மேல் மங்கலான இன்னொரு முகம் படரும்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருக்கும். வானம் பின்னால் வெளிச்சமாக இருப்பதால், ஷட்டர் திறந்திருக்கும் மீதி நேரத்தில் வேகமாக நகரும் கை, காலின் ஓரங்களை வானம் தின்றுவிடும். விரல் நுனி கண்ணாடிபோலத் தெரியும். வானத்தை ஒரு ஸ்டாப் இருட்டாக வைக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். பிள்ளை குறுக்கே ஓடும்போது இது அதிகமாகத் தெரியும், உங்களை நோக்கி வரும்போது குறையும்.

பிளாஷை எங்கே வைப்பது? கால்பந்து மைதானங்களைப் பொதுவாக வடக்குத் தெற்காக அமைப்பார்கள், மாலைச் சூரியன் கீப்பரின் கண்ணில் அடிக்காமல் இருப்பதற்காக. நமக்கு இது மிகவும் வசதி. கிழக்குப் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே மண்டியிட்டு மேற்கே பாருங்கள். தாழ உட்கார்ந்தால் பிள்ளைகள் வானத்துக்குள் எழுந்து நிற்பார்கள், மதில்சுவரும் நிறுத்திவைத்த இருசக்கர வாகனங்களும் அவர்களின் முழங்காலுக்குக் கீழே போய்விடும். ஆட்டம் வடக்கிலும் தெற்கிலுமாக நகரும், உங்கள் பிளாஷ் பக்கவாட்டிலிருந்து வரும். பந்து எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் பிளாஷ் இருக்கக் கூடாது என்ற விதியை இப்படி எளிதாகக் காப்பாற்றலாம். கோல் முகப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சூரியன் மறையும் இடமும் ஆண்டு முழுவதும் ஒன்றல்ல. ஜூனில் நேர் மேற்கிலிருந்து வடக்கே 23 டிகிரிக்கு மேல் விலகியிருக்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. உட்காரும் இடத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

உங்களிலிருந்து நாலைந்து மீட்டர் பக்கவாட்டில், ஆள் உயரத்துக்கும் மேலே, ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் பிளாஷை வைத்துச் சற்றே கீழ்நோக்கிச் சாயுங்கள். எல்லாரும் செய்யும் தவறு, வெளிச்சம் போதாது என்று பயந்து மிக அருகில் வைப்பது. பிளாஷ் 3 மீட்டர் தூரத்தில் இருந்தால், பிள்ளை ஒரு மீட்டர் முன்னால் வந்தாலே வெளிச்சம் இரட்டிப்பாகிவிடும். 7 மீட்டரில் இருந்தால் 5 மீட்டருக்கு வந்தால்தான் இரட்டிப்பாகும், 10 மீட்டருக்குப் போனால்தான் பாதியாகும். அந்த 5 மீட்டர் ஆழமுள்ள திட்டில் பிள்ளை எங்கே இருந்தாலும் படத்தைச் சரிசெய்துகொள்ளலாம். தூரம் கூடக் கூட நிற்க இடம் விரிகிறது.

சக்தி போதுமா என்றால், கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பெட்டியில் கைடு நம்பர் (பிளாஷின் வலிமையைச் சொல்லும் எண், அபர்ச்சர் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும்) 60 என்று போட்டிருந்தால் அது தலையை 200 மி.மீ.க்கு ஜூம் செய்து அளந்த எண்ணாக இருக்கும், நடைமுறைக்கு 40 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஓ. 400ல் அது 80 ஆகிறது. எஃப் 4ஆல் வகுத்தால் முழுச் சக்தியில் 20 மீட்டர். 1/8 சக்தியில் 7 மீட்டர். ஆக, கல்யாண வீட்டுப் பிளாஷ் தாராளமாகப் போதும். 1/8ல் வைத்தால் அடுத்தடுத்து சில படங்கள் எடுக்கவும் அது தாங்கும். முழுச் சக்தியில் அடித்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஓரிரு விநாடி காத்திருக்க வேண்டும், சூடேறித் தானே நின்றும்விடும். மின்னலும் நீண்டுவிடுவதால் காலின் அசைவு மங்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வானம் மங்க மங்க நீங்கள் ஐ.எஸ்.ஓ.வை 400லிருந்து 800, 1600 என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஷட்டரைக் குறைக்காதீர்கள், விரல் நுனிகள் கரைந்துபோகும். ஐ.எஸ்.ஓ. இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் பிளாஷை ஒரு படி குறையுங்கள்: 1/8, 1/16, 1/32. பிள்ளையின் மேல் வெளிச்சம் மாறாது, வானம் மட்டும் பிடிபட்டுக்கொண்டே வரும். சக்தி குறையக் குறைய மின்னல் இன்னும் குறுகுகிறது, பிளாஷ் இன்னும் விரைவாக மீள்கிறது. இருட்டு ஏற ஏறப் பிளாஷ் துடிப்பாகிறது. மறைவுக்குப் பிறகான பத்தாவது நிமிடத்தில், வானம் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும்போது, அசைவு மிகக் கூர்மையாகப் பிடிபடும். ஐ.எஸ்.ஓ. 6400 வந்ததும் நான் நிறுத்திவிடுவேன்.

ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்துக் காத்திருப்பது இந்த வேலைக்கு அவசியம். மைதானம் முழுவதையும் ஒரு பிளாஷால் ஒளியூட்ட முடியாது. கூம்புகளை வைத்துப் பந்தை வளைத்து வளைத்து ஓட்டும் பயிற்சி இருக்கிறதல்லவா, அதில் கடைசிக் கூம்பு அந்த 7 மீட்டர் இடத்தில் வரும்படி வைக்கப் பயிற்சியாளரைக் கேளுங்கள். திரும்பும் கணத்தில் பிள்ளையின் உடல் சாயும், ஒரு காலால் புழுதி கிளம்பும், முகத்தில் முழுக் கவனமும் தெரியும். தொடர்ச்சியாகப் பத்துப் படம் சுட்டுத் தள்ளாமல், ஒரு திருப்பத்துக்கு ஒரு படம் என்று எடுங்கள். பத்துத் திருப்பத்தில் மூன்று படம் தேறினால் அது நல்ல நாள்.

புழுதியைச் சொன்னேன். நம் செம்மண் மைதானங்களில் அது எதிரியாகவும் இருக்கலாம், நண்பனாகவும் இருக்கலாம். பிளாஷ் கேமராவை ஒட்டியிருந்தால் தூசி ஒவ்வொன்றும் வெள்ளைப் புள்ளியாகப் படம் முழுக்கத் தெரியும். தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால் அந்தப் புள்ளிகள் அடங்கிவிடும். கைவசம் இரண்டாவது பிளாஷ் கிடைத்தால், ஒருநாள் அதைப் பிள்ளைக்குப் பின்னால், படத்துக்கு வெளியே ஓரமாக வைத்து மிகக் குறைந்த சக்தியில் அடித்துப் பாருங்கள். காலடியில் கிளம்பும் புழுதி சாம்பிராணிப் புகைபோல ஒளிர்ந்து எழும்.

நிறத்தைப் பற்றி மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளின் முகத்தை வெளுப்பாக்கித் தருவதையே நல்ல வேலை என்று நம் ஸ்டூடியோக்கள் பலவும் பழக்கிவிட்டன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பயிற்சி முடிந்த கருத்த முகத்தில் வியர்வையும் செம்மண்ணும் படிந்திருக்கும்போது, பக்கவாட்டு வெளிச்சம் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் ஒரு மினுக்கத்தைக் கொடுக்கும். அந்த அழகு வெளுத்த தோலில் கிடையாது. வியர்வையில் வெளிச்சம் எரிந்துபோகிற அளவுக்குச் சக்தியைக் கூட்டாமல், முகம் மாலையில் இருக்கும் அளவுக்கே நிறுத்துங்கள். பிள்ளை தன்னை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். பிளாஷின் வெள்ளை வெளிச்சம் மட்டும் சூழலோடு ஒட்டாமல் துருத்தும் என்பதால் அரை ஆரஞ்சு ஜெல் தாளை (வெளிச்சத்துக்கு நிறம் கொடுக்கும் ஒளி ஊடுருவும் தாள், பாதி அடர்த்தியில்) பிளாஷ் தலையில் ஒட்டி, கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) பகல் வெளிச்சத்தில் பூட்டிவிடுங்கள். சிவப்பு அடங்கி நீலம் ஏறும்போது கால் பங்கு ஜெலுக்கு மாறலாம். மிட்டாய்த் தாளைச் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

சூரியன் இன்னும் மேலே இருக்கும்போதே 1/250 வரம்பைத் தாண்டியும் பிளாஷ் அடிக்க விடும் அதிவேக சிங்க் முறையில் 1/2000ல் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் பிளாஷில் அந்த வசதி இருக்கலாம். ஆனால் அந்த முறையில் பிளாஷ் ஒரே மின்னலாக வெளிவராமல், ஷட்டரின் இடுக்கு நகரும் நேரம் முழுவதும் துடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் இரண்டு ஸ்டாப்புக்குக் குறையாமல் சக்தி போய்விடும், 7 மீட்டரில் ஒரு சிறு பிளாஷ் திணறும். முழுச் சட்டகத்தையும் ஒரே கணத்தில் பதிவுசெய்யும் குளோபல் ஷட்டர் கொண்ட கேமராக்கள் இந்தத் தடையை உடைத்துவிட்டன. சோனி 2023 நவம்பரில் அறிவித்த ஆல்பா 9 மூன்றாம் பதிப்பு அப்படிப்பட்டது. விலை நம் கைக்கு எட்டாதது. சூரியன் மேலே இருக்கும் அந்த அரைமணி நேரத்துக்குப் பிளாஷைப் பையிலேயே விட்டுவிட்டுத் திரும்பி உட்காருங்கள். யானைமலைக்கு மேற்கே ஒரு மைதானத்தில் நின்று கிழக்கே பார்த்தால், சாயும் வெயில் பாறை முழுவதையும் செம்பு நிறமாக்கியிருக்கும். அதே வெயில் பிள்ளைகளின் முகத்திலும் நேராக விழும். 1/2000 தாராளமாகக் கிடைக்கும். அதற்கு மேல் எந்த விளக்கும் வேண்டாம்.

குடையும் சாஃப்ட்பாக்ஸும் மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஜூலை ஆகஸ்டில் மதுரை மைதானங்களில் வீசும் காற்றில் குடை மாட்டிய ஸ்டாண்டு எம்மாத்திரம். வெறும் பிளாஷ் தலையே போதும், 7 மீட்டர் தூரத்தில் குடையின் மென்மை பெரிதாகத் தெரியவும் செய்யாது. ஸ்டாண்டின் காலில் பாதி மணல் நிரப்பிய சாக்கைக் கட்டுங்கள். கோட்டுக்கு வெளியே குறைந்தது 3 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள், பந்தைத் துரத்தும் பிள்ளை கோட்டைப் பார்த்து நிற்காது. ஸ்டாண்டைவிட மேலானது, நீண்ட கம்பில் பிளாஷைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆள். அண்ணனோ சித்தப்பாவோ யாராவது வந்தால் பிள்ளை ஓடிவரும்போது கம்பைத் தூக்கிக்கொண்டு விலகிவிட முடியும்.

கபடிக்கும் இதே முறை கால்பந்தைவிட எளிதாகப் பொருந்தும். பெரிய ஆண்கள் ஆடும் களமே 13க்கு 10 மீட்டர்தான் என்பதால் தூரம் பெரிதாக மாறாது. பாடிப் போகும் பிள்ளை நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியைப் பார்க்கும் திசையில் பிளாஷ் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். கிரிக்கெட்டில் மட்டையாளரை நோக்கி எந்தச் சூழ்நிலையிலும் அடிக்காதீர்கள். ஓட்டப் பந்தயத் தொடக்கக் கோட்டிலும் கூடாது.

மற்ற பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்பே பேசிவிடுங்கள். உங்கள் மகளின் படத்தில் இன்னும் நாலு பிள்ளைகள் இருப்பார்கள். குடும்ப ஆல்பத்துக்கு என்றால் ஒரு சொல் போதும். பள்ளியோ கிளப்போ விளம்பரத்துக்கு வெளியிடுவதாக இருந்தால் எழுத்துப்பூர்வமாகவே வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. மின்னும் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாத பிள்ளை, வலிப்பு வந்த வரலாறு உள்ள பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஒருவர் ஆம் என்றாலும் அன்று பிளாஷ் வேண்டாம்.

முதல் முறை பிள்ளைகள் இல்லாமலே போய்ப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சூரியன் மறைய அரைமணி நேரம் முன்பு போய், கடைசிக் கூம்பு வரவேண்டிய இடத்தில் உங்களுடன் வந்தவரை நிற்க வையுங்கள். 5, 7, 10 மீட்டரில் ஒவ்வொரு படம் எடுத்து, எந்தச் சக்திக்கு எந்த ஐ.எஸ்.ஓ. என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, பிளாஷின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். திரும்பும்போது பேட்டரியைக் கழற்றி, பிளாஷ் தலையின் கண்ணாடியையும் ஸ்டாண்டின் மூட்டுகளையும் உலர்ந்த தூரிகையால் தட்டித் துடையுங்கள். ஈரத்துணி செம்மண்ணைத் தேய்த்துக் கீறலாக்கிவிடும்.